கனெக்டர் முனையில் ஒரு தூசி

கம்பினாஸ் நகர ஆய்வகத்தில் காலையிலிருந்தே எல்லார் வாயிலும் டெர்சியோ பேச்சுதான். ஜுசாராவுக்கு வயிறு எரிந்தது. மூன்று வருஷமாகக் கண்ணாடி இழைகளை ஒட்டி, நூறு கிலோமீட்டரைச் சுருள் சுருளாக அடுக்கி வைத்தவள் அவள். எட்டு மாசத்துக்கு முன்னால் வந்த டெர்சியோ, சிதைந்து வரும் சிக்னலைச் சீராக்க ஒரு புரோகிராம் எழுதினான். ஒற்றை லேசரில் நொடிக்கு ஒரு டெராபிட் ஓடிவிட்டது. கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. மாநாட்டுக்குப் போகப்போவதும் அவன்தான்.

பத்து மணிக்கு விருந்தாளிகள் முன்னால் அதையே ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்கள் காபியும் சீஸ் ரொட்டியுமாக வெளியே நின்றார்கள்.

"ஜுசாரா, இந்த கனெக்டர் முனையைக் கொஞ்சம் பாரேன்," என்றான் டெர்சியோ.

"ஏன், உன் புரோகிராமுக்குக் கண்ணு கிடையாதா?"

"அதுக்கு மூளை மட்டும்தான் தாயே. கண்ணும் கையும் நீதான். நீ சரின்னா சொருகிடுவேன்."

சொருகும் ஆள் தானே பார்க்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தலைவி ஜுல்மிரா தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜுசாரா நுண்ணோக்கியில் குனிந்தாள். சாம்பல் நிற வட்டம். நட்டநடுவில், வெளிச்சம் போகும் இடத்திலேயே, கரும்புள்ளியாக ஒரு தூசி. பஞ்சுக்குச்சியால் ஒரு துடைப்பு போதும். துடைக்காமல், வெளிச்சத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையரைப் போட்டால் அந்த வெளிச்சமே முனையைக் கருக்கிவிடும்.

முதல் பெயர் அவனுடையது.

"பளிச்சுனு இருக்கு," என்றாள்.

விருந்தாளிகள் வந்து நின்றதும் டெர்சியோ சொருகினான். திரையில் சிக்னலைக் காட்டி வரிசை கட்டி நின்ற பதினாறு புள்ளிகள் ஆம்ப்ளிஃபையர் ஏற ஏறக் கலைந்து மூட்டமாகின. அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஜுல்மிராவின் முகம் சிவந்தது. "முனை கருகிடுச்சு. யாரு பார்த்தது?"

ஜுசாரா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள்.

"சொருகினது நான். நான் பார்க்கல டோனா ஜுல்மிரா," என்றான் டெர்சியோ. ஜுசாராவின் பெயரை எடுக்கவே இல்லை.

விருந்தாளிகளில் வயசான ஒருவர் கடகடவென்று சிரித்தார். "அட, நானும் ஒரு காலத்துல நாலு முனையைக் கருக்கினவன்தான். மென்னு முழுங்காம ஒத்துக்கிட்டியே தம்பி, மாநாட்டுக்கு உன்னை மாதிரி ஆளுதான் வேணும்."

ஒத்துக்கொள்வதிலும் அவனே முதல்!

"ஜுசாரா, சீக்கிரம் புது முனை ஒட்டு," என்றாள் ஜுல்மிரா.

ஒட்டினாள். அவள் கை அன்றைக்குப் போல என்றைக்குமே படிந்ததில்லை; வெளிச்ச இழப்பு ஏறக்குறைய சுழி. துடைத்துவிட்டு, பழக்கத்தில் நுண்ணோக்கியில் குனியப் போனாள்.

"இரு, நகரு," என்று அவள் தோளை மெதுவாகத் தள்ளினான் டெர்சியோ. "இனிமே நானே பார்த்துக்கறேன்."

குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். ஜுசாரா வெறுங்கையோடு பக்கத்தில் நின்றாள்.