இன்னும் நாற்பத்திரண்டு வாக்கியங்கள்

"அமைதியான அறையில் அமரவும்." பதினோராவது வாக்கியத்தைத் தமிழில் தட்டிய கையோடு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அடுத்து வரப்போகும் கைப்பேசி மென்பொருளை வீட்டிலிருந்தபடி தமிழாக்குவது என் வேலை. திரையைக் கண்ணில் காட்டமாட்டார்கள். தனித்தனி வாக்கியம், எத்தனை எழுத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அளவு, அவ்வளவுதான். எது எதற்கு என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். போன வருடம் "ஆயுள் குறைந்துவிட்டது" என்பதை யாரோ நோயாளிக்கென்று நினைத்து, மனமுருகி, மரியாதையாக எழுதி அனுப்பினேன். கடைசியில் பார்த்தால் அது பேட்டரி! அலுவலகமே சிரித்தது.

ஆனால் இன்று வந்தவை வேறு. "இன்னும் 42 வாக்கியங்கள் படிக்கவும்." "உங்கள் குரல் தயாராகிறது." "தட்டச்சு செய்தால் உங்கள் குரலில் பேசும்." இதுவும் பேட்டரியாக இருக்க முடியுமா என்ன?

என் வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபது வருடமாக "பிரேக், பிரேக்!" என்று கத்திய தொண்டை. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இன்று வியாழன்.

வெளியே மூச்சு விடமாட்டேன் என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போகட்டும் என்று ஓடிப்போய் அவரிடம் கொட்டிவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"திங்கக்கிழமைக்கு அப்புறம் சொல்லணும்னாலும் முடியாதே" என்றார். சிரிப்பும் வந்தது, அவரை அடிக்கவும் தோன்றியது.

"பாட்டுப் பாடறவங்களுக்கா இருக்கும்டி."

"பாடறவங்களுக்கு எதுக்குங்க தட்டச்சு?"

"தமிழ்ல வருமா?"

"வராததை எதுக்கு என்கிட்ட குடுத்து எழுதச் சொல்றாங்க?"

அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. மென்பொருள் வெளிவருவதற்குள் குரல் போய்விடும், அதை இப்போதே பதிந்துவைக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் குழந்தைகளைப் போல ஓடி ஓடி ஜன்னலைச் சாத்தினோம், மின்விசிறியை நிறுத்தினோம், கதவிடுக்கில் போர்வையை அடைத்தோம். என்ன படிக்கச் சொல்வார்கள் என்று தெரியாததால் நான் மொழிபெயர்த்ததையே நீட்டினேன். "சேமிப்பிடம் நிரம்பிவிட்டது" என்று செய்தி வாசிப்பது போல் இழுத்தார்.

"இது உங்க குரலே இல்ல. என்னைத் திட்டுங்க."

"வேணும்னு சொன்னா எப்படி வரும்?" என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "நீ நினைக்கிறது தப்பா இருந்தா?"

"இருந்தா இருக்கட்டும். நான் போட்டுக் கேட்டுக்கறேன்."

காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். கைப்பேசியை அருகில் இழுத்துக்கொண்டார். "குடை எடுத்தியா?" என்றார். "கதவைப் பூட்டினியா?" "கிளட்சை மெதுவா விடு, கழுதை." "சாப்பிட்டியா?" "நான் இருக்கேன்ல." ஒவ்வொன்றுக்கும் திரையில் பச்சைக் கோடுகள் எழுந்து அடங்கின. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

அப்புறம் என் பெயரைக் கூப்பிட்டார். அடுத்த அறையில் எதையோ தேடும்போது கூப்பிடுவாரே, அதே இழுப்பு.

"என்னங்க?" என்றுவிட்டேன், பழக்க தோஷம்.

ஐயோ, கெடுத்துவிட்டேனே! அழிக்கப் போன என் கையை அவர் பிடித்துக்கொண்டார். திரையில் அவருடைய கோடுகளுக்குப் பக்கத்தில் என்னுடையவை குட்டையாக நின்றன. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.