கூரையைத் தட்டிப் பார்த்தவர்

சுரங்கக் கூரையைக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உறுதி. பொத்தென்றால் பாறை உள்ளே பிளவு விட்டிருக்கிறது, ஆட்களை வெளியேற்ற வேண்டும். எஞ்சினியர் பேர் வாங்கியதே அந்தச் சத்தத்தைப் பிரித்தறிகிற காதால்தான். கம்பெனியில் மேனேஜரானார், பிறகு அரசாங்கத்தில் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரியானார். அதற்குள் வெடிச்சத்தம் அந்தக் காதைத் தின்று தீர்த்திருந்தது. பெண்டாட்டியைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது. வெளியே தெரிந்தால், வரவிருந்த தலைமை அதிகாரிப் பதவி கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாமல் போய்விடும்.

மனுஷன் சாமர்த்தியசாலி. கம்பியால் தட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்பவன் முகத்தைப் பார்ப்பார். முகம் வெளிறினால், “மூடுங்கய்யா” என்பார். ஊரான் பயத்தை வைத்தே உத்தியோகம் பார்த்தார், வெட்கம் கெட்டவர்.

அன்றைக்குப் போனது மகளின் புருஷன் சூப்பர்வைசராக இருந்த சுரங்கம். அங்கே ஒருவரை நேருக்கு நேர் பார்த்தால் தலைவிளக்கு அவர் கண்ணைக் குத்தும். மாமனார் கண் கூசக் கூடாதென்று மாப்பிள்ளை தலையைக் குனிந்தே நின்றார். தட்டிய பிறகு எஞ்சினியருக்கு விளக்கின் வட்டம் தெரிந்தது, அதற்குப் பின்னால் இருந்த முகம் தெரியவில்லை. நிமிரச் சொல்லியிருக்கலாம். சொன்னால் குட்டு உடைந்துவிடுமே.

“என்ன மாப்ள, உறுதியாத்தானே இருக்கு?”

மாப்பிள்ளை என்னவோ முனகினார். விளக்கு மேலும் கீழும் அசைந்தது. அது போதும் என்று எஞ்சினியர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மறுநாள் கூரை இறங்கியது. மாப்பிள்ளையோடு இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

விசாரணையில் மகள் எதிரே உட்கார்ந்திருக்க, எஞ்சினியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “கூரை நல்லாத்தான் இருந்துச்சு. மாப்பிள்ளையாச்சேன்னு மறைக்க முடியாது. கூரையத் தாங்குற முட்டு மரத்த அவசரப்பட்டு எடுத்துட்டாரு.” செத்தவர் எழுந்து வந்து இல்லை என்றா சொல்லப்போகிறார்? சொந்தபந்தம் பார்க்காத நேர்மை என்று மெச்சினார்கள். பதவியும் வந்தது.

முதல் நாளே மகள் அவருடைய புது அறைக்கு வந்தாள். எதிர் நாற்காலியில் உட்காரவில்லை. மேஜையைச் சுற்றி வந்து அவர் காதோடு வாயை வைத்தாள்.

“உங்களுக்குக் காது கேக்காதுன்னு நேத்துதான் அம்மா சொன்னாங்க. அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமாப்பா? ‘எனக்குப் பொத்துன்னுதான் கேட்டுச்சு. ஆனா மாமாவே சரின்னுட்டாரு. என் காதுலதான் ஏதோ கோளாறு, டாக்டர்கிட்ட காட்டணும்’னாரு.”

அவ்வளவு பக்கத்தில், அவருக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“கேக்கலம்மா,” என்றார் எஞ்சினியர்.