காரில் எரிந்த நாமம்

1
இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. இரண்டாயிரத்து ஏழில், டோல்கேட் பக்கம் கஸ்பாரின் பஞ்சர் கடையில் என் பைக்குக்குக் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுக் காரில் வந்து இறங்கிய டிரைவர் சொன்னார்: "மாமு, வண்டி நாமம் போட்டுகினு கீது. இன்னான்னு பாரு."

முதல் தொடக்கம்: 'துறைமுகத்தின் கரிய வானில் ஒரு மஞ்சள் வெளிச்சம்...'

(அடித்துவிட்டேன். வெளிச்சம் வந்தது டாஷ்போர்டில்.)

2
டிரைவருக்கு டில்லிபாபு என்று பெயர் வைத்தேன். வியாசர்பாடிக்காரர். லாரி ஓட்டி இடுப்பு போனவர். இனி லாரிக்குத் திரும்ப முடியாது. இப்போது மாசானம் என்ற எண்ணெய் மொத்த வியாபாரியிடம் ஆக்டிங் டிரைவர். வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் ஓட்டினால் மாதக் கடைசியில் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார் மாசானம்.

அன்று காலை டில்லிபாபுவின் மனைவி ரமாபாய்

(வேண்டாம். மனைவி வந்தால் கூடவே கண்ணீரும் வரும்.)

விளக்கின் வடிவம்: மஞ்சளில் ஒரு கிண்ணம், நடுவே ஆச்சரியக்குறி.* வடகலையா தென்கலையா என்று நான் கேட்டேன். கஸ்பார், தான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன், அதில் தலையிடுவதில்லை என்றார்.

* டயரில் காற்றுக் குறைந்தால் எரியும் விளக்கு. கிண்ணம்தான் டயராம். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்று அங்கே யாருக்கும் தெரியாது.

3
எதற்கும் இருக்கட்டும் என்று கஸ்பார் நாலு டயரையும் பார்த்தார். பின்பக்கம் ஒன்றில் காற்றுக் குறைவு. அடித்தார். விளக்கு அணையவில்லை.**

"காத்து கரீட்டா கீது," என்றார் கஸ்பார். "லைட்டுதான் நம்ப மாட்டேங்குது."

எண்ணூரில் காத்திருந்த முதலாளிக்கு டில்லிபாபு போன் போட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னார்: "மொதலாளி, வண்டி நாமம் போட்டுகினு கீது."

வியாபாரிக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். மறுமுனைச் சத்தம் கடை வாசல்வரை கேட்டது. "யாருக்குலே நாமம் போடுத?"

விளக்கைப் பற்றி டில்லிபாபு விளக்கப் பார்த்தார். நேற்றுவரை எரியாத விளக்கு இன்றைக்கு எப்படி எரியும் என்று கேட்டார் மாசானம். பிறகு நிதானமாகச் சொன்னார்: "எரிஞ்சிக்கிட்டே வந்தன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு."

கஸ்பார் கறுப்பு டேப்பில் விளக்கை மறைக்கும் அளவுக்கு ஒரு துண்டு கிழித்து நீட்டினார்.

 ** சில வண்டிகளில் கொஞ்ச தூரம் ஓடினால் அணையுமாம், சிலவற்றில் ஒரு பட்டனை அமுக்க வேண்டுமாம். அந்த வண்டியில் எப்படி என்று இன்றுவரை தெரியாது.

4
முடிவு ஒன்று: டேப் ஒட்டுகிறார். வேலை நிரந்தரமாகிறது. பிறகொரு நாள் நிஜமாகவே காற்று இறங்கி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு அடியில்... (பொய்க்குத் தண்டனை. பள்ளிக்கூடப் பாடம்.)

முடிவு இரண்டு: ஒட்டாமல் போகிறார். மாசானம் விளக்கைப் பார்த்துச் சிரித்து, தோளில் தட்டுகிறார். (என் அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். எந்த முதலாளியும் அவர் தோளில் கை வைத்து நான் பார்த்ததில்லை.)

நான் பார்த்தது இவ்வளவுதான்: விரல் நுனியில் டேப்போடு டில்லிபாபு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். என் பைக்குக்குக் காற்றடித்து முடிந்திருந்தது. கிளம்பிவிட்டேன்.

ஒட்டுவதா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று தோன்றினால், அதைத்தான் அவர் போனில் சொன்னார்.