ஏரியில் தூக்கிப் போடும் நாள்

முகாமின் கடைசி நாள் காலையிலேயே கோச் விதேனிஸ் தன் கைப்பேசியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டான். கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்தான். இருப்பதிலேயே பழைய கால்சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டான். எல்லாம் நனையத்தான்.

மொலேட்டை ஏரிக்கரையில் நடக்கும் அந்தச் சிறுவர் கூடைப்பந்து முகாம் முடிகிற நாளில், பிள்ளைகள் தங்களுக்கு ரொம்பப் பிடித்த கோச்சை உடுத்திய துணியோடு தூக்கி ஏரியில் போடுவார்கள். ஒரே ஒருவரைத்தான். லிதுவேனியாவில் எந்தக் கோப்பை அதற்கு ஈடாகும்? விதேனிஸ் வருஷம் தவறாமல் நனைந்தவன். “சே, மறுபடியும் நானா!” என்று அலுத்துக்கொள்வான். உள்ளுக்குள் பூரித்துப் போவான்.

இந்த வருஷம் ஸ்கைஸ்தே வந்து சேர்ந்தாள். நேற்றுவரை பெண்கள் அணியில் ஆடிக்கொண்டிருந்தவள், இன்று கோச்சாம். விதேனிஸ் பிள்ளைகளைத் தாழக் குனிந்து பக்கவாட்டில் நகரவைத்துத் தொடையைப் பிழிந்தெடுப்பான். தடுப்பாட்டம் பின்னே எப்படி வரும்? அவளோ வலது கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இடது கையால் பந்தைத் தட்டியபடி ஓடச் சொல்வாள். கூடவே ஓடுவாள், தானே தடுக்கி விழுவாள், தானே சிரிப்பாள். பிள்ளைகள் அவள் வாலைப் பிடித்துக்கொண்டே அலைந்தார்கள். சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்து நாற்காலிக்கு அடிதடியே நடந்தது. அவன் எதிர் மேசையில் பீட்ரூட் சூப்போடு தனியாக உட்கார்ந்திருந்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கடைசி நாளுக்கு முந்தின மாலை, அணியின் வாயாடி உர்தே பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டே அவனிடம் கிசுகிசுத்தாள்.

“கோச், நாளைக்கு ஸ்கைஸ்தே கோச்சைத்தான் தூக்கிப் போடப்போறோம். யார்கிட்டயும் மூச்சு விட்றாதீங்க!”

போயும் போயும் அவனிடமே சொல்கிறாள்! விதேனிஸ் சட்டென்று முகத்தில் பதற்றத்தை வரவழைத்துக்கொண்டான்.

“அய்யய்யோ, அவளுக்கு நீச்சலே தெரியாதேம்மா. தண்ணியப் பாத்தாலே நடுங்குவா.”

“அப்படியா? நல்லவேளை சொன்னீங்க கோச்!”

ஸ்கைஸ்தே கிளைபேடா கடற்கரையில் வளர்ந்தவள். கடலில் தத்தளிப்பவர்களை நீந்திக் காப்பாற்றும் வேலை பார்த்ததாக முதல் நாளே அவனிடம் சொல்லியிருந்தாள். தெரிந்துதான் புளுகினான், படுபாவி.

கடைசி ஆட்டம் முடிந்து விசில் ஒலித்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். விதேனிஸ் படகுத்துறைப் பலகையில் போய், தூக்க வசதியாகக் கையை அகட்டிக்கொண்டு நின்றான். ஒருத்தர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. எல்லாரும் ஸ்கைஸ்தேயைத் தூக்கினார்கள். வீசவில்லை. தூங்குகிற குழந்தையைக் கொண்டுபோவது போல மெல்ல நடந்து, அவளோடு அத்தனை பேரும் ஏரிக்குள் இறங்கினார்கள்.

“பயப்படாதீங்க கோச், நாங்க இருக்கோம்ல!” என்றாள் உர்தே. பிறகு துறைப்பக்கம் திரும்பிக் கத்தினாள். “விதேனிஸ் கோச்! இறங்கி வந்து ஆழத்துப் பக்கம் நில்லுங்க! இவங்களுக்கு நீச்சல் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

ஸ்கைஸ்தேயின் சிரிப்பு நின்றது. அவனைப் பார்த்தாள். அவனுடைய வெறும் மணிக்கட்டையும் பழைய கால்சட்டையையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் மானம் கப்பலேறிவிடும்.

அவள் உர்தேயின் கழுத்தை எட்டிக் கட்டிக்கொண்டாள். “ஆமாடி, சுத்தமாத் தெரியாது. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, விட்றாதீங்க!”

பிள்ளைகள் இன்னும் நெருக்கி அவளை அணைத்துக்கொண்டார்கள். யாரும் தூக்காமல், யாரும் தள்ளாமல், விதேனிஸ் தானாகவே தண்ணீரில் இறங்கி மார்பளவு ஆழத்தில் போய் நின்றான்.

பக்கத்தில் வந்ததும் ஸ்கைஸ்தே அவன் காதோரம் சொன்னாள். “அடுத்த வருஷம் உங்களுக்கும் நீச்சல் தெரியாதுன்னு நான் சொல்லிடறேன் கோச். உங்களையும் இப்படியே பத்திரமாத் தூக்கிட்டு வருவாங்க. சரிதானே?”

திட்டியிருந்தால் அவளை நிம்மதியாக வெறுத்திருப்பான். இப்போது அதற்கும் வழியில்லை. அவளைப் பிடித்துப்போன பிள்ளைகள் மீது துளிகூடத் தப்பில்லை என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.