கைவீச்சு

பலகை பாவிய வட்டத் தளத்தில் ஓட்டும் பந்தய சைக்கிளில் பிரேக் கிடையாது. இதைச் சொன்னால் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "அப்ப எப்படிங்க நிக்கிறது?" நிற்பதில்லை என்பதுதான் பதில். அதில் ப்ரீவீலும் இல்லை. சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும்வரை காலும் சுற்றியாக வேண்டும். வேகம் குறைய வேண்டுமா, பலகைச் சரிவில் மேலே ஏறு. கூட வேண்டுமா, கீழே இறங்கு. பிரேக் இருந்தால்தான் ஆபத்து. முன்னால் போகிறவர் பயந்துபோய் ஒரு பிடி பிடித்தால், ஒரு சாண் இடைவெளியில் பின்னால் வருகிறவர் என்ன ஆவார்?

நான் அணியின் மெக்கானிக். சக்கரத்தில் கோட்டம் எடுப்பது, செயின் தேய்மானம் அளப்பது, டயர் ஒட்டுவது என்று இருபது சைக்கிள் என் கையில் புரளும். அதில் இரண்டை மட்டும் நான் வேறு யாரையும் தொட விடுவதில்லை. ஒன்று என் வீட்டுக்காரருடையது. மற்றது என் தம்பியுடையது.

வீட்டுக்காரருக்கு அணியில் பெயர் கடிகாரம். ஒரு சுற்றை எத்தனை விநாடியில் ஓட்டச் சொன்னாலும், விநாடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஐம்பது சுற்று ஓட்டுவார். பதினொரு வருஷமாகக் கோடை முழுக்கச் சாலைப் பந்தயம், குளிர்காலம் முழுக்கத் தளம். சாலையில் அவர் ஜெயித்தது இரண்டே இரண்டு. மற்ற நாளெல்லாம் அணித்தலைவருக்கு முன்னால் காற்றை வெட்டிக்கொண்டு போவதும், பின்னால் வரும் காரிலிருந்து ஏழெட்டுத் தண்ணீர் பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வந்து மற்றவர்களுக்குக் கொடுப்பதும்தான் வேலை. ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டி ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அந்த முதுகாகத்தான் அவர் பதினொரு வருஷம் இருந்தார்.

"மாமா, உங்களை மாதிரி தண்ணி சப்ளை முனிசிபாலிட்டியில கூட இல்ல" என்பான் தம்பி. அவனுக்குப் பெயர் வாலு.

"நீ குடிச்ச பாட்டிலுக்கே இன்னும் கணக்கு வரல, மாப்ள" என்பார் இவர்.

இந்த வருஷம் சாலை அணி அவரை அடுத்த கோடைக்கு எடுக்கவில்லை. வயது முப்பத்து நாலு. மிச்சம் இருந்தது தளத்தில் ஜோடிப் பந்தயம் ஒன்றுதான். தேர்வுப் போட்டியில் முதலாவதாக வரும் ஜோடி உலகப் போட்டிக்குப் போகும். அவர் இரண்டு தடவை மாற்று ஆளாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தவர். இந்தத் தடவை ஓட்டுகிறவராகப் போக வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்ட ஆசை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஜோடிப் பந்தயம் எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் மற்றது புரியாது. ஒரு அணிக்கு இரண்டு பேர். ஒருவர் பந்தயத்தில் முழு வேகத்தில் இருப்பார். மற்றவர் தளத்தின் மேல் விளிம்பில் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ஆள் மாற வேண்டிய நேரத்தில் காத்திருப்பவர் சரிவில் இறங்கி உள்பக்கம் சேர்வார். பின்னாலிருந்து பறந்து வருகிறவர் தன் இடது கையால் அவருடைய வலது கையைப் பற்றி, முன்னால் வீசிவிடுவார். கைவீச்சு என்று அதற்குப் பெயர். ஒருவர் சேர்த்து வைத்த வேகம் கை வழியாக அடுத்தவருக்குப் போய்விடுகிறது. இவர் தளர்வார், அவர் பாய்வார். இது எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காத காட்சி. பிடி மொத்தமும் ஒரு விநாடிகூட இல்லை. வீசுகிற கை தோளைத் தாண்டி முன்னால் நீண்டதும் விட்டுவிட வேண்டும். தாமதித்தால் போகிறவரின் வலது தோள் பின்னால் இழுபடும். ஹேண்டில்பாரில் அவருக்கு இருப்பது இடது கை ஒன்றுதான். அது திரும்பிவிடும்.

கோடையின் கடைசிப் பந்தயம் முடிந்து அவருடைய சாலை சைக்கிள் பட்டறைக்கு வந்தபோது, ஹேண்டில்பாரில் சுற்றிய நாடாவை உரித்தேன். நாடாவைப் பார்த்தால் ஓட்டியவரின் கை தெரியும். வலப்பக்கம் சீராகத் தேய்ந்து கறுத்திருந்தது. இடப்பக்கம் கட்டைவிரல் ஓரம் கிழிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உட்காருகிற இடம் கடையில் வாங்கிய மாதிரி வெள்ளையாக இருந்தது.

நாடாவை நான் தூக்கிப் போடவில்லை. சுருட்டி மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அடுத்த நாள் காலை சமையலறையில் அவரைக் கண்ணை மூடச் சொன்னேன்.

"என்ன, பிறந்தநாளா எனக்கு?"

"இடது கையை நீட்டுங்க."

என் சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து பால்ரஸ் கிடக்கும். மிளகை விடக் கொஞ்சம் சிறிய இரும்புக் குண்டு. ஒன்றை எடுத்து அவர் சுண்டுவிரலின் அடியில் வைத்தேன்.

"கையில என்ன இருக்கு?"

"நீ இன்னும் ஒண்ணும் வைக்கலையே."

கண்ணைத் திறந்தார். குண்டு அங்கே மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை வெகுநேரம் பார்த்தார்.

முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். உள்ளங்கையின் அடியில் இரண்டு சின்ன எலும்புக்கு நடுவே வாய்க்கால் மாதிரி ஓர் இடுக்கு வழியாக அது விரலுக்குப் போகிறது. மேடுபள்ளச் சாலையில் நாளுக்கு ஆறு மணி நேரம் அந்த இடத்தை ஹேண்டில்பாரில் அழுத்திக்கொண்டிருந்தால் நரம்பு நசுங்கும். அவர் எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே டாக்டரிடம் போயிருக்கிறார். ஆறு மாசம் ஹேண்டில்பாரைத் தொடாமல் இருந்தால் உணர்ச்சி திரும்பலாம் என்று சொன்னாராம். தேர்வுக்கு இருந்தது ஐந்து வாரம்.

"ரெண்டு விரல்தானே? இன்னும் மூணு இருக்கே" என்றார்.

"தம்பிகிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா அவன் பயப்படுவான். பயந்தவன் கையைக் கெட்டியா நீட்ட மாட்டான். நீ இதுல வாயைத் திறக்காத. எனக்காக."

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பதிலாக எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஒரு பழுது என்று வந்தால் அதைச் சரிபண்ணாமல் எனக்குக் கை நிற்காது. மூன்று விரலின் பிடி போதவில்லை என்றால் பிடியைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதானே? பழைய டியூபை வெட்டி, வழவழப்புப் போக உப்புத்தாளில் தேய்த்து, இடது கையுறையின் உள்ளங்கையிலும் விரல்களிலும் வரிசையாகத் தைத்தேன். வியர்த்தாலும் வழுக்காது. எனக்கே என் வேலை பிடித்திருந்தது.

முதல் பயிற்சியிலேயே வாலு கத்திக்கொண்டு வந்தான்.

"அக்கா! மாமா கையில என்ன தடவி வெச்சிருக்க? பல்லி மாதிரி ஒட்டுது!"

"உனக்கும் வேணுமா?"

"எனக்கு எதுக்கு? பிடிக்கிறது அவரு. பறக்கிறது நானு."

இவர் சிரித்தார். அந்த ஐந்து வாரமும் சிரித்துக்கொண்டே இருந்தார். பயிற்சியாளரின் ஸ்டாப்வாட்சில் நேரம் இறங்கிக்கொண்டே போனது. பயிற்சியில் ஒரு சமயம் இரண்டு ஜோடிதான் தளத்தில் இருக்கும், கவனம் கலையாது. கடிகாரம் மனசுக்குள் எண்ணித்தான் கையை விட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பிடி, ஒன்று, விடு. விரலுக்குத் தெரியாததை எண்ணிக்கை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

தேர்வு நாளில் பன்னிரண்டு ஜோடி. நூற்றறுபது சுற்று. நூற்று இருபதாவது வரை எங்கள் ஜோடி முதலிடத்தில் இருந்தது. நான் உள்வட்டத்தில் மாற்றுச் சக்கரத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

நூற்று முப்பத்தொன்றாவது சுற்றில் வளைவு முடிகிற இடத்தில் மாற்றம். இவர் கீழே வருகிறார், வாலு இறங்கி வருகிறான், கைகள் சேர்ந்தன. அதே கணம் முன்னால் வேறொரு ஜோடியினர் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு கத்தினார்கள். இவர் பார்வை அங்கே போனது. எண்ணிக்கை அறுந்தது.

கை தோளைத் தாண்டியது. விடவில்லை.

என் தம்பியின் வலது தோள் பின்னால் வளைந்ததையும், ஹேண்டில் திரும்பியதையும், அவன் பலகையில் மோதுவதற்கு முன்பே பார்த்தேன். சத்தம் பிறகு வந்தது. இவர் விழவில்லை. காலை நிறுத்த முடியாமல், பெடல் சுற்றச் சுற்ற, இடது கையை விரித்து அதையே பார்த்தபடி பாதிச் சுற்றுப் போனார். கையுறையில் வாலுவின் கையுறைத் துணியில் ஒரு கிழிசல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிடியைத்தான் நான் சரிபண்ணியிருந்தேன். பழுது விடுவதில் இருந்தது.

வலது காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி அறையில் வாலு தோளில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் ஜன்னலோரம் நின்றேன். இவர் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில், இடது கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தப்பு என்னோடதுதான், மாமா" என்றான் வாலு. "நான்தான் சரியா கையை உருவிக்கல. நூறு தடவை யோசிச்சுப் பார்த்துட்டேன். உங்க டைமிங் என்னிக்காவது தப்புமா? உங்க வாய்ப்பைக் கெடுத்துட்டேன்."

இவர் கையை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

பயிற்சியாளர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். நல்லவர்தான், ஆனால் சுற்றிவளைக்கத் தெரியாதவர்.

"வீடியோ பார்த்தேன்" என்றார். "ரெண்டு கையும் சேர்ந்தே இருக்கு, யாரு விடலன்னு அதுல தெரியல. பையனே ஒத்துக்கறான். முதல்ல வந்த ஜோடியிலயும் ஒருத்தனுக்கு மணிக்கட்டு போச்சு, அதனால மூணு வாரத்துல மறுதேர்வு. கடிகாரம், உனக்கு வேற ஜோடி போடறேன். வாலு, உன்னை இனிமே ஜோடியில எடுக்கறதா இல்ல. கையை உருவத் தெரியாதவனோட யாரும் ஓட்ட மாட்டேங்கறாங்கடா. நீ தனிப் பந்தயம் பாத்துக்க."

வாலு தலையை ஆட்டினான். அவன் ஜோடிக்காகவே பிறந்தவன். தனியாக ஓட்டினால் மூன்றாவது சுற்றிலேயே சலித்துப்போகிறவன். "நீங்க போங்க மாமா, நீங்களாவது போங்க" என்றான்.

இவர் கடிகாரத்தைப் பார்ப்பது மாதிரி சுவரைப் பார்த்தார். சுவரில் ஒன்றும் இல்லை. அவர் கேட்ட ஒரே ஆசை இன்னும் மூன்று வாரத் தூரத்தில் இருந்தது. பேசாமல் இருந்தால் போதும். சொல்லிவிடலாம் என்று ஜன்னலைவிட்டு ஓரடி முன்னால் வந்தேன். எனக்காக என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து அங்கேயே நின்றேன்.

"அந்தப் பால்ரஸ் வெச்சிருக்கியா?" என்றார் இவர், என்னைப் பார்க்காமல்.

"இருக்கு."

தொடைக்கடியிலிருந்து கையை எடுத்துக் கட்டிலின் மேல் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். "வை."

அதே இடத்தில் வைத்தேன்.

"என்ன விளையாட்டு இது?" என்றார் பயிற்சியாளர்.

"மாப்ள, என் கையில என்ன இருக்கு?"

"பால்ரஸ், மாமா."

"எனக்குத் தெரியல. ரெண்டு மாசமா தெரியல. அவ வெச்சிருப்பான்னு நம்பித்தான் உக்காந்திருக்கேன். உன் கையைப் பிடிச்சேனா விட்டேனான்னும் எண்ணித்தான் சொல்லுவேன். நேத்து எண்ணல."

வாலு மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்த ரப்பரைத் தச்சது நான்தானே" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது விவரிக்க எனக்கு விருப்பமில்லை. சின்ன வயதில் அவனுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தது நான். சீட்டைப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே விட்டுவிட்டவள். அன்று விழுந்து எழுந்தபோதுகூட அவன் அப்படிப் பார்க்கவில்லை.

பயிற்சியாளர் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வெளியே போனார்.

வாலு அடிபடாத இடது கையை நீட்டினான். மாமாவின் உள்ளங்கையிலிருந்து குண்டை இரண்டு விரலால் எடுத்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டான். இவர் கண்ணைத் திறக்கவில்லை. குண்டு உருண்டு விழாமல் இருப்பதற்காக, வெறும் கையைச் சாயாமல், நடுங்காமல், மட்டமாகப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"எடுத்துட்டான்" என்றேன்.

"எப்ப?" என்றார்.