கூட்டத் தெரியாத சிப்

நாலாயிரம் சிப்புகளையும் குப்பையில் போடலாம் என்று கையெழுத்துப் போட்டவன் அவன்தான். வடிவமைப்பில் பிசகு. கூட்டத் தெரியவில்லை, பெரியது சிறியது பார்க்கத் தெரியவில்லை. ஓர் எண்ணை இங்கிருந்து எடுத்து அங்கே வைக்க மட்டும் தெரிந்தது. பதினெட்டு வருஷம் பரிசோதனைக்கூடத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன். அவன் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆய்வுக் கூட்டத்தில் மறுத்துப் பேசியது அவன் மனைவி. அங்கே சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

"அந்த ஒண்ணே போதும்," என்றாள். மூன்றும் ஐந்தும் எவ்வளவு என்று சிப் யோசிக்க வேண்டாம். விடைகளை அட்டவணையாக நினைவகத்தில் எழுதிவைத்துவிட்டால், மூன்றாம் வரிசை ஐந்தாம் கட்டத்தில் இருப்பதை எடுத்து வந்தால் ஆயிற்று. இப்படி எடுத்து வைத்தே எந்தக் கணக்கையும் செய்துவிடலாம். டூரிங் முழுமை என்பது அதுதான்.

மேலாளர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். அவனுக்குச் சுருக்கென்றது.

"முழுமைன்னா முடிவில்லாத நினைவகம் வேணும். இதுல ஏது?" என்று கேட்டான்.

"உங்க மேஜை மேல இருக்கற கம்ப்யூட்டர்லயும் இல்லையே, சார்."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் 'என்னங்க' என்பவள். அந்த 'சார்' முள்ளாய்க் குத்தியது.

மாலையில் சாப்பாட்டு மேஜையில் அட்டவணைத் தாள்களை அவனிடம் நீட்டினாள். "ஒரு தடவ பாத்துடுங்களேன். உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

தப்பவில்லை. அவள் கையால் திருத்திய ஒரு பக்கத்தில், நூற்று இருபத்தொன்று இருக்க வேண்டிய இடத்தில் நூற்று இருபத்திரண்டு. நாக்கு நுனிவரை வந்தது.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அவள் நிம்மதியாக, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் சிப்பை ஓட்டிக் காட்டினாள். பதினைந்து விடைகள் சரி. பதினாறாவது பிசகியது. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் தாள்களைப் புரட்டப் புரட்ட, அவை கலைந்து தரையில் விழுந்தன. இதைப் பார்க்கத்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தான். குனிந்து பொறுக்கியவளின் கழுத்தில் வியர்வையைக் கண்டதும் வாயைத் திறந்தான்.

"நூத்திப் பன்னெண்டாம் வரிசை, ஒம்பதாம் கட்டம்," என்றான், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

திருத்தினாள். விடை சரியாக வந்தது. கைதட்டினார்கள். "புருஷன்னா இப்படி இருக்கணும்," என்றார் மேலாளர்.

அவள் மட்டும் திரையைப் பார்க்கவில்லை. தாளில் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தபடியே, மெல்லத் தலை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.