முச்சந்தி வரைக்கும்

மகுடேஸ்வரன் இறந்துபோன செய்தி ஊரைச் சுற்றி வருவதற்குள், அவரை எங்கே எரிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு முந்திக்கொண்டது.

புருஷனை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் மாரக்காள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை பேரூராட்சித் தலைவியாக இருந்தவள். இப்போது பதவி இல்லை, கட்சி இல்லை, வாசலில் காத்திருக்கும் கார்களும் இல்லை. மிஞ்சியிருந்தது சபையில் கொடுத்த ஒரு வாக்கு மட்டும்தான்.

“நம்ம சுடுகாடு இருக்கறப்ப அந்தக் கேஸ் மயானம் எதுக்குங்க நங்கையா?” என்று கேட்டார் கொழுந்தன் பழனிமுத்து. “எங்கப்பன், எங்க அப்பாரு எல்லாம் வெந்த மண்ணுங்க அது.”

“சபையில சொன்னதுங்க கொழுந்தனாரே.”

“சொன்னது நீங்க. எங்கண்ணன் சொல்லுலியே.”

“அன்னைக்கு ஊட்டுக்கு வந்து சட்டையக் கழட்டி மாட்டிப்போட்டு, ‘வாக்குக் குடுத்துட்டே, நின்னுதான் ஆவோணும்’னாருங்க.”

“அதைக் கேட்டது ஆரு? நீங்க ஒருத்தருதான?”

சுற்றியிருந்த பெண்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

மாரக்காள் அரசியலுக்கு வந்ததே பழனிமுத்துவுக்குப் பதிலாகத்தான். அவர் நிற்க வேண்டிய தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த மருமகளை நிறுத்தினார்கள். முதல் ஐந்து வருடம் பழனிமுத்து காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள். மேடையில் மாலை அவளுக்கு விழும். பேச்சுவார்த்தை அவள் போக முடியாத தோட்டத்து மோட்டார் அறையில் நடக்கும். “சரிங்க நங்கையா, நீங்க சொன்னாப்புலயே” என்பார்கள். சாக்கடை மட்டும் அவள் சொன்ன தெருவை விட்டு வேறு தெரு வழியாகப் போகும்.

இரண்டாவது முறைதான் அவள் தன் நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். அப்போது நடந்தது காசிமாயன் விவகாரம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனிக்குத் தைக்க வந்தவன். அவன் பெண்டாட்டி இறந்தபோது, ஒவ்வொரு சாதிச் சுடுகாட்டு வாசலிலும் வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். வெயிலில் அலைந்த உடம்பைக் கடைசியில் ஓடைக்கரையில் டயரைப் போட்டு எரித்தான். பாதி வெந்ததை நாய்கள் சுற்றி வந்தன. மறுநாள் மாரக்காள் போய் அந்த இடத்தைப் பார்த்தாள். அதன் பிறகு எரிவாயு மயானம் வந்தே தீர வேண்டும் என்று நின்றாள்.

எதிர்த்தவர்கள் சொந்தக்காரர்கள்தான். “கண்டவன் வேகற அடுப்ப ஊருக்குள்ள கொண்டு வர்றீங்களே, உங்க ஊட்டுப் பொணம் அங்க வேகுமா?” என்று சபையில் கேட்டார்கள். “எங்க ஊட்டுல எந்தச் சாவு விழுந்தாலும் அங்கதானுங்க” என்று அவள் சொன்ன பிறகே வாய்கள் அடங்கின. கடைசி வரிசையில் மகுடேஸ்வரன் துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

மயானம் வந்தது. அடுத்த தேர்தலில் அவள் தோற்றாள். சொந்தத் தெருவே ஓட்டுப் போடவில்லை. உள்ளூர்ச் சாவு ஒன்றுகூட அங்கே போகவில்லை. வெளியூரான் அடுப்பு என்றே பெயர் விழுந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான் காசிமாயன்.

பழனிமுத்து விடவில்லை. “லேபருங்க வேகற எடத்துல அண்ணனப் போட்டா, நாளைக்கு நம்ம வர்ஷினிய ஆரு பொண்ணுக் கேட்டு வருவாங்க?”

வர்ஷினி மாரக்காளின் பேத்தி. அவள் அப்பன் தங்கராஜ் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவன். அவன் சித்தப்பனை ஒரு தரம் பார்த்தான். பிறகு அம்மா பக்கம் திரும்பினான்.

“சரிங்கம்மா. நீங்க சொல்றாப்புலயே பண்ணிக்கலாம்.”

பழனிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். எதிர்ப்பே இல்லாமல் ஒரு தீர்மானம் நிறைவேறினால் சந்தேகப்பட வேண்டும் என்பது மாரக்காள் பதவியில் கற்றது. புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை. காசிமாயனுக்குப் போன் செய்து அடுப்பைத் தயார் பண்ணச் சொன்னாள்.

பெண்கள் முச்சந்தி வரைக்கும்தான் போகலாம். மயானத்தைக் கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டித் திறந்து வைத்தவளும் அங்கேயே நின்றாள். வண்டி மயானம் இருக்கும் வடக்குப் பக்கமே திரும்புவதைக் கண்ணால் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வீட்டைக் கழுவிவிட்டார்கள்.

ஈரத் தலையோடு இருக்கும்போது போன் அடித்தது.

“அம்மா, காசிமாயன் பேசுறேன். அடுப்பு பத்த வச்சு நல்லாச் சூடேறிருச்சு. வாசல் கூட்டிப் பூவெல்லாம் கட்டித் தொங்க விட்டிருக்கேன். வண்டிய இன்னும் காணலையேம்மா?”

வடக்கே ஒரு பர்லாங் போய்விட்டு வண்டி தோட்டத்து வழியாகச் சொந்தச் சுடுகாட்டுக்கே திரும்பியிருக்கும். அவளுக்கு அந்தத் தடம் தெரியும். அவளுடைய காலத்தில் போட்ட தார்ச்சாலைதான்.

“இருப்பா. சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

உடம்பு கிடந்த இடத்தில் விளக்கு வைக்க நாத்தனார் வந்தாள். மாரக்காள் அவள் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏற்றவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் குளித்துவிட்டு வந்து அந்த விளக்கைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட வேண்டும். பார்க்காமல் யாரும் வீடு திரும்ப முடியாது. ஈர வேட்டியோடு வந்த ஆண்கள் வாசலில் தேங்கி நின்றார்கள். பங்காளிகள், கணியூர் சம்பந்தி வீட்டார், பழைய கட்சிக்காரர்கள் என்று கூட்டம் தெரு வரைக்கும் நீண்டது.

“விளக்கப் பத்த வைங்க நங்கையா. ஈரத்தோட நிக்கறாங்க.”

“எங்க வெச்சீங்க?”

பழனிமுத்து தங்கராஜைத் திரும்பிப் பார்த்தார். மொட்டையடித்த தலையோடு அவன் முன்னால் வந்தான். “அம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா.”

“எங்க வெச்சீங்கன்னு கேட்டேன்.”

“நம்ம எடத்துலதானுங்க” என்றார் பழனிமுத்து மெல்லிய குரலில். “மரியாதையா வெச்சோம்.”

அவள் மகனைப் பார்த்தாள். “என்னையாவது அங்க கொண்டு போவியா கண்ணு?”

தங்கராஜ் சித்தப்பன் முகத்தைப் பார்த்தான். பிறகு, “சரிங்கம்மா” என்றான்.

வாசலில் சம்பந்தி வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ கேட்பதும், அவர் உதட்டைப் பிதுக்குவதும் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இந்த வீட்டுச் சங்கதி தெருவில் கிடக்கும். மகுடேஸ்வரன் செத்த அன்று அவர் வீட்டில் விளக்கு எரியவில்லை என்று காலத்துக்கும் சொல்வார்கள். மாரக்காள் குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி நமுத்திருந்தது. இரண்டாவதில் திரி பற்றியது.

ஆண்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

வாசல் காலியான பிறகு அவளே போன் செய்தாள்.

“அடுப்ப அணைச்சிரு காசிமாயா.”

“வேற எடத்துக்குக் கொண்டு போயிட்டாகளாம்மா?”

போனில் அவனுக்குப் பின்னால் அடுப்பின் காற்றாடி இரைந்துகொண்டிருந்தது. நாளைக்கு டீக்கடையில் அவனைப் பார்த்துத்தான் முதலில் சிரிப்பார்கள். மாரக்காள் விளக்கைப் பார்த்தாள், நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஐயாதாம்ப்பா கடைசி நேரத்துல, அவங்கப்பாரு பக்கத்துலயே வெக்கச் சொல்லிப்போட்டாரு. எங்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு. தட்ட முடியுல.”

“சரிங்கம்மா” என்றான். காற்றாடிச் சத்தம் நின்றது.